24 மணி நேர மவுண்டன் பைக் ரிலே: சக்கரம் நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி

நாலு பேர் சேர்ந்து 24 மணி நேர மவுண்டன் பைக் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள், அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை என்றால் இது உங்களுக்குத்தான். பந்தயத்தின் அமைப்பு எளிமையானது. காட்டுப் பாதையில் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். அணியில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஓட்டுவார், சுற்றை முடித்து வந்ததும் அடுத்தவர் கிளம்புவார், இப்படியே நண்பகலில் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை. எந்த அணி அதிகச் சுற்று முடிக்கிறதோ அதற்கு வெற்றி. 1992-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் லேர்ட் நைட் என்பவர் கானான் பள்ளத்தாக்கில் நடத்திய பந்தயத்துக்குப் பிறகுதான் இந்த வடிவம் நன்றாகப் பரவியது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சுற்று சுமார் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். 24 சுற்று, 23 முறை கைமாற்றம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் 4 நிமிடம் வீணானால் மொத்தம் 92 நிமிடம், அதாவது ஒன்றரைச் சுற்று போய்விட்டது. அதே 92 நிமிடத்தைக் காலால் மிதித்துச் சம்பாதிக்க வேண்டுமென்றால் நாலு பேரும் ஒவ்வொரு சுற்றிலும் 4 நிமிடம் வேகம் கூட்ட வேண்டும், அதற்கு எத்தனை மாதப் பயிற்சி தேவை என்று ஓட்டுபவர்களுக்குத் தெரியும். கூடாரத்தில் ஒழுங்காக இருந்தால் அது இலவசமாகக் கிடைக்கிறது. நான் பார்த்தவரை நடுத்தர அணிகளின் வரிசையைத் தீர்மானிப்பது சக்கரம் நின்றிருந்த நேரம்தான். அதனால் கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த நேரத்தைக் குறைப்பதைப் பற்றியே இருக்கும்.

ஆள் சேர்ப்பதும் வரிசை போடுவதும்

வேகமான நாலு பேரைத் தேடாதீர்கள், சீரான நாலு பேரைத் தேடுங்கள். ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்வி “உன் சிறந்த நேரம் என்ன?” இல்லை. “மூன்றாவது தடவை ஏறும்போது எவ்வளவு நேரம் ஆகிறது?” என்பதுதான். முதல் சுற்றை 52 நிமிடத்தில் முடித்துவிட்டு ஐந்தாவதை 80 நிமிடத்தில் ஓட்டுபவரைவிட, ஆறு சுற்றையும் 60-லிருந்து 65-க்குள் முடிப்பவர் அணிக்குப் பெரிய சொத்து. அவர் எப்போது திரும்புவார் என்று முன்கூட்டியே தெரிவதே பாதி நிம்மதி.

பல பந்தயங்களில் தொடக்கத்தில் சைக்கிள்களை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு ஆட்களை ஓடவிடுவார்கள். பிரான்ஸின் லெ மான் கார் பந்தயத்தில் ஓட்டுநர்கள் ஓடிப்போய்க் காரில் ஏறுவார்களே, அந்த வழக்கம்தான். கார் பந்தயத்தில் பாதுகாப்பு கருதி 1969-க்குப் பிறகு கைவிட்டுவிட்டார்கள், சைக்கிள் பந்தயத்தில் இன்னும் இருக்கிறது. காரணம் கூட்டத்தைப் பிரிப்பது. ஓட்டத்தில் பின்தங்கினால் ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் நூறு பேருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டிவரும், எவ்வளவு பலம் இருந்தும் முந்த முடியாது. ஆகவே முதல் ஆளாக, நன்றாக ஓடக்கூடியவராகவும் கூட்டத்தில் பதறாதவராகவும் இருப்பவரைப் போடுங்கள். அணியிலேயே வேகமானவர் இரண்டாவது போகட்டும், அவருக்குப் பாதை கொஞ்சம் காலியாகக் கிடைக்கும்.

பகலில் ஆளுக்கு ஒரு சுற்று என்று மாற்றிக்கொள்ளலாம். இரவுதான் சிக்கல். ஒரு சுற்று முறையில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று மணி நேர இடைவெளி. அதில் கழுவி, உடை மாற்றி, சாப்பிட 40 நிமிடம், அடுத்த சுற்றுக்கு 45 நிமிடம் முன்னால் எழுந்தாக வேண்டும், மீதி இருப்பது ஒன்றரை மணி நேரம்தான். அதிலும் தூக்கம் வருவதற்குள் பாதி போய்விடும். இரவில் ஆளுக்கு இரண்டு சுற்று சேர்த்து ஓட்டினால் இடைவெளி ஆறு மணி நேரமாகும், நாலு மணி நேரமாவது உடம்பைச் சாய்க்கலாம். இரண்டாவது சுற்று சில நிமிடம் மெதுவாகத்தான் போகும். அது போகட்டும், விடியற்காலையில் நாலு பேரும் மனிதர்களாக இருப்பதுதான் முக்கியம். முதல் தடவை ஓட்டும் அணிகளுக்கு நான் எப்போதும் இதையே சொல்வேன். பாதை ரொம்ப நீளமாக இருந்தாலோ மழை கொட்டினாலோ மட்டும் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதாக ஒருவர் வேண்டும், ஓட்டாதவர். சமைப்பது, எழுப்புவது, செயின் துடைப்பது, நேரம் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. ஓட்டுபவர்களே இதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவு பத்து மணி வரை தோன்றும்.

பயிற்சி

வாரக் கடைசியில் நாலு மணி நேரம் நீளமாக ஓட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நல்லதுதான், ஆனால் ரிலேயில் உடம்பு படும் பாடு வேறு மாதிரி: ஒரு மணி நேரம் முழு வீச்சில் ஓட்டுவது, பிறகு கால் விறைத்துக் குளிர்ந்து போகும் வரை சும்மா இருப்பது, மறுபடி திடீரென்று முழு வீச்சு. இதைப் பழக்குவதற்கு ஒரே வழி அதையே செய்து பார்ப்பது. பந்தயத்துக்கு ஆறு, எட்டு வாரம் முன்னாலிருந்து சனிக்கிழமைகளில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், இருட்டிய பிறகு லைட் போட்டு ஒரு மணி நேரம் என்று மூன்று தடவை கிளம்புங்கள். மூன்றாவது தடவை ஷூ மாட்டும்போது மனம் எப்படி அடம்பிடிக்கிறது என்று அப்போது தெரியும். அதை முன்பே ஒருமுறை சந்தித்துவிட்டால் பந்தயத்தன்று அது புதிதாக இருக்காது.

கைமாற்றும் இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரவு மூன்று மணிக்குக் கைமாற்றும் கூடாரம் எப்படி இருக்கும் என்றால், உள்ளே நாற்பது, ஐம்பது பேர் ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரே திசையைப் பார்த்து நிற்பார்கள். இருட்டிலிருந்து ஒரு வெளிச்சம் வரும். அத்தனை பேரும் ஒரு அடி முன்னால் வருவார்கள். முகம் தெரியாது, முழுக்கச் சேறு, கண் கூசுகிறது, எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள். நம் ஆள் இல்லை என்று தெரிந்ததும் திரும்ப ஒரு அடி பின்னால். எதிரே தன் ஆள் நிற்பதைப் பார்க்காமல் பேட்டனை (அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டிய குச்சி) வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூவிக்கொண்டே நிற்பவர்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இதற்கு எளிய ஏற்பாடுகள் உண்டு. நாலு பேர் ஹெல்மெட்டிலும் ஒரே நிறத்தில் பட்டையாக ஒளிரும் டேப் ஒட்டுங்கள். வருபவர் உள்ளே நுழையும்போதே அணி எண்ணை உரக்கச் சொல்லட்டும், நிற்பவர் பதிலுக்குக் கையைத் தூக்கட்டும். கூடாரத்தின் எந்த மூலையில் நிற்பது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டு 24 மணி நேரமும் அதே மூலையிலேயே நில்லுங்கள். அடுத்து போக வேண்டியவர் எதிர்பார்த்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் அங்கே இருக்க வேண்டும், ஷூ மாட்டி, லைட் சரிபார்த்து, மேலே ஒரு ஜாக்கெட்டுடன். அந்த ஜாக்கெட்டை வந்தவர் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், அவர் நனைந்துபோய் வந்திருப்பார்.

பேட்டன் மாறும் அந்த நொடியில் ஒரே ஒரு வாக்கியம் பேசலாம், அது பாதையைப் பற்றியதாக இருக்கட்டும். “பாறை இறக்கத்துக்கு முன்னால் சேறு, இடது பக்கமாகப் போ.” போதும். எவ்வளவு குளிர், எங்கே விழுந்தேன், யார் வழிவிடவில்லை என்பதெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், காகிதம். கூடாரத்தில் ஒரு அட்டையில் தாளைக் கவ்வி, நூலில் பென்சில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் எழுதாது. பெயர், கிளம்பிய நேரம், திரும்ப வேண்டிய நேரம், திரும்பிய நேரம் என்று நாலு கட்டம். ஒவ்வொருவரும் திரும்பியதும் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் எழுத வேண்டும். இருட்டிய பிறகு எல்லோருக்கும் சுற்று நேரம் கூடும், அதைப் பார்த்து அடுத்த ஆளின் நேரத்தைத் திருத்துவதற்கு இந்தத் தாள் மட்டும்தான் உதவும். காட்டில் போன் எடுக்காது, நம்பாதீர்கள்.

சைக்கிள், சாமான்

டயர் கட்டாயம் டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாதது. பந்தயத்துக்கு முந்திய வாரம் சீலன்ட் (சின்ன ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) புதிதாக ஊற்றுங்கள், பழையது உள்ளே காய்ந்து தோலாகிக் கிடக்கும். காற்றழுத்தம் உங்கள் எடையையும் டயர் அகலத்தையும் பொறுத்தது, 70, 75 கிலோ ஆள் 2.3 அங்குல டயரில் 20-லிருந்து 25 பிஎஸ்ஐக்குள் ஆரம்பித்து, பின் டயருக்கு ஓரிரு புள்ளி கூட வைத்து ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டும்போது கூடவே எடுத்துப் போக வேண்டியவை: டயர் ஓட்டை அடைக்கும் பிளக், பிளக் போதாவிட்டால் உள்ளே போட ஒரு டியூப், பம்ப், மல்டி டூல், அறுந்த செயினை இணைக்கும் குயிக் லிங்க். இவற்றை எல்லோரும் ஆளுக்கொன்று வைத்திருக்க வேண்டும். பின் கியர் மாட்டும் ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு, கிளையில் இடித்தால் முதலில் வளைவது அதுதான், அதனால் கூடாரத்தில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனித்தனியாக ஒன்று இருக்கட்டும்.

பிரேக் பேட் (சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) விஷயத்தில் நான் பட்டது ஒன்று உண்டு. மழை பெய்த ஒரு பந்தயம், மணல் கலந்த சேறு. நள்ளிரவுச் சுற்றில் இறக்கத்தில் பின் பிரேக் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது, கூடாரத்துக்கு வந்து லைட் அடித்துப் பார்த்தால் பேட் முழுக்கத் தேய்ந்து வெறும் தகடு டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. பெட்டியில் புது பேட் இருந்தது, ஆனால் அது அணியில் இன்னொருவருடைய பிரேக்குக்கானது. என் பிரேக்குக்குப் பொருந்தும் ஜோடியைப் பக்கத்துக் கூடாரங்களில் ஒவ்வொன்றாக விசாரித்து வாங்கி மாட்ட நாற்பது நிமிடம் ஆனது, அதற்குள் என் முறை தள்ளிப்போய் இன்னொருவர் தூக்கத்திலிருந்து எழுந்து எனக்காக ஓட்டினார். அதிலிருந்து ஆளுக்கு ஒரு சின்னப் பை, மேலே பெயர், உள்ளே அவரவர் சைக்கிளுக்கான பேட், ஹேங்கர், லிங்க். மழை வரும் என்றால் ரெசின் பேடைக் கழற்றிவிட்டு சின்டர் செய்த, அதாவது உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்த பேட் மாட்டுங்கள், சேற்றில் அதிக நேரம் தாங்கும். புது பேடை மாட்டியவுடன் பந்தயத்தில் இறங்காதீர்கள், சமதளத்தில் வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இறுக்கி வேகத்தைக் குறைப்பதை இருபது தடவை செய்தால்தான் பிடிமானம் வரும்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் செயினைத் துடைத்து ஆயில் போடுவது ஐந்து நிமிட வேலை. திரும்பி வந்ததும் செய்யுங்கள், கிளம்பும்போது அல்ல.

இருட்டில்

இரண்டு லைட் வேண்டும், ஹேண்டில்பாரில் ஒன்று, ஹெல்மெட்டில் ஒன்று. ஹேண்டில்பார் லைட் கீழிருந்து அடிப்பதால் கல்லுக்கும் வேருக்கும் நிழல் விழும், மேடு பள்ளம் தெரியும். ஹெல்மெட் லைட் நீங்கள் பார்க்கும் பக்கமெல்லாம் திரும்பும், கொண்டை ஊசி வளைவில் அது இல்லாமல் எதுவும் தெரியாது. ஹெல்மெட் லைட் மட்டும் வைத்து ஓட்டினால் தரை தட்டையாகத் தெரிந்து ஏமாற்றும். மூடுபனியிலோ புழுதியிலோ ஹெல்மெட் வெளிச்சம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும், அங்கே அதைக் குறைத்துவிட வேண்டும்.

ஹேண்டில்பாருக்கு 1000 லுமெனுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல் இருந்தால் இறக்கத்தில் நிம்மதியாகப் போகலாம். ஏற்றத்தில் அவ்வளவு தேவையில்லை, குறைந்த வெளிச்சத்துக்கு மாற்றிப் பேட்டரியை மிச்சப்படுத்துங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்றுப் பேட்டரியை உடம்போடு ஒட்டின பையில் வையுங்கள். ஸ்காட்லாந்தின் ஜனவரி மாத ஸ்ட்ராத்பஃபர் பந்தயத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 17 மணி நேரம் இருட்டுதான், அங்கே போனவர்கள் லைட்டுக்குத்தான் முதலில் திட்டம் போட்டார்கள். உங்கள் பந்தயத்தில் எத்தனை மணி நேரம் இருட்டு, ஆளுக்கு எத்தனை இரவுச் சுற்று என்று எண்ணி, பேட்டரி எப்போது சார்ஜில் போட வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

விடியற்காலை நாலு, ஐந்து மணி வாக்கில் உடல் வெப்பம் நாளிலேயே கீழே இருக்கும், அப்போது கவனம் சிதறும், தெரிந்த வளைவையே தவறவிடுவீர்கள். அந்தச் சுற்றில் நேரத்தைப் பார்க்காதீர்கள். விழாமல் வந்து சேர்ந்தால் போதும். சூரியன் வந்ததும் எல்லோருக்கும் நிமிடங்கள் திரும்பக் கிடைக்கும்.

சாப்பாடு, உடை, தூக்கம்

ஓட்டும்போது மணிக்கு 60-லிருந்து 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம், ஓட்டும்போது பிழிந்து சாப்பிடும் இனிப்புக் கூழான ஜெல் பாக்கெட் ஒன்றிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். குலுங்கும் பாதையில் கையை விட்டுச் சாப்பிட முடியாது, அதனால் பெரும்பகுதியை பாட்டிலில் கலந்து குடித்துவிடுவது சுலபம். ஆனால் ரிலேயில் உண்மையான சாப்பாடு சுற்றுக்குப் பிறகுதான். இறங்கிய அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், அடுத்த சுற்றின் எரிபொருள் அதுதான். நள்ளிரவுக்கு மேல் இனிப்பைப் பார்த்தாலே குமட்டும், உப்பு போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கும் சூடான சூப்பும் அப்போது தெய்வமாகத் தெரியும். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்று தொடாதீர்கள்.

காபியைப் பகலில் வீணாக்காமல் நள்ளிரவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குடித்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வேலை செய்யும், பல மணி நேரம் உடம்பில் நிற்கும். ஆகவே சுற்றுக்கு முன்னால் சரி, தூங்கப் போவதற்கு முன்னால் கூடாது.

ஒவ்வொரு முறையும் காய்ந்த ஷார்ட்ஸ். ஈர ஷார்ட்ஸோடு உட்கார்ந்திருந்தால் தொடை இடுக்கில் உரசிப் புண்ணாகும், அது வந்துவிட்டால் காலில் எவ்வளவு பலம் இருந்தும் சீட்டில் உட்கார முடியாது. எத்தனை முறை ஓட்டப் போகிறீர்களோ அத்தனை ஜோடி, தனித்தனி கவரில் சாக்ஸோடு போட்டு வையுங்கள்.

எழுப்புவதை அலாரத்தை நம்பி விடாதீர்கள், ஆள் எழுப்ப வேண்டும். தூக்கக் கலக்கம் தெளிய அரை மணி நேரமாவது ஆகும், அதனால்தான் 45 நிமிடம் முன்னால் என்றேன். எழுப்பும்போது கையில் சூடாக ஏதாவது கொடுங்கள், மணி என்ன என்று மட்டும் சொல்லுங்கள். அணி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை அவர் உட்கார்ந்து ஒரு வாய் குடித்த பிறகு சொல்லலாம்.

பாதையில்

முதல் சுற்றில் எல்லோரும் அளவுக்கு மீறிப் போவார்கள். நீங்கள் முதல் ஏற்றத்தில் பத்து பேரைப் போகவிடுங்கள், அதில் ஏழு பேரை இரவில் பார்ப்பீர்கள். முந்தும்போது எந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி, அகலமான இடம் வரும்வரை பொறுங்கள். தனியாக ஓட்டுபவர்களும் அதே பாதையில்தான் இருப்பார்கள், சில பந்தயங்களில் அவர்களுக்குத் தனி எண் பலகை இருக்கும். அவர் பதினைந்து மணி நேரமாக இறங்காமல் ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவரை ஓரம் கட்டச் சொல்லிக் கத்துவதைவிட நாமே புல்லில் இறங்கிப் போய், போகிற போக்கில் ஒரு நல்ல வார்த்தை சொல்வதுதான் முறை. யாராவது விழுந்து கிடந்தால் நிற்க வேண்டும், அதில் யோசிக்க எதுவுமில்லை. நீங்கள் அவரோடு இருங்கள், பின்னால் வருபவரை அடுத்த மார்ஷலிடம் (பாதையில் நிற்கும் பந்தய ஊழியர்) அனுப்புங்கள்.

இருவர் சேர்ந்தே ஓட்டும் வகையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் அப்படித்தான், எட்டு நாள், இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் இருந்தாக வேண்டும். அங்கே கைமாற்றம் கிடையாது, இருவரில் அன்று மெதுவாக இருப்பவரின் வேகம்தான் அணியின் வேகம். பலமானவர் காற்றில் முன்னால் போய் மறைவு கொடுக்கலாம், ஏற்றத்தில் பக்கத்திலேயே போகலாம், பத்தடி முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்ப்பது மட்டும் கூடாது.

கடைசி ஒன்றரை மணி நேரம்

விதிமுறையை முதல் நாள் படித்துவிடுங்கள், ஏனென்றால் இது பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். சில இடங்களில் 24 மணி நேரம் முடிவதற்குள் கிளம்பிவிட்டால் அந்தச் சுற்று கணக்கில் வரும், சில இடங்களில் அதற்குள் திரும்பியாக வேண்டும். முதல் வகையில் 11:58-க்கு உங்கள் ஆள் வந்தால் இன்னொருவர் கிளம்பலாம், ஒரு சுற்று கூடுகிறது. இரண்டாவது வகையில் 11:05-க்கு வந்தால் ஒரு மணி நேரச் சுற்றுக்கு யாரையும் அனுப்பிப் பயனில்லை. பத்தரை மணிக்கே தாளை எடுத்து வைத்து, பின்னால் வரும் அணிக்கும் நமக்கும் எத்தனை நிமிடம், யாருக்குக் காலில் இன்னும் உயிர் இருக்கிறது என்று பாருங்கள். வரிசையை மாற்றலாம் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். பந்தயம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றினாலும் ஒருவர் உடை மாற்றாமல், ஷூவோடு அந்த மூலையில் நிற்கட்டும்.

முடிந்த பிறகு ஓட்டியவர்கள் யாரும் உடனே கார் எடுக்கக் கூடாது. அந்த ஐந்தாவது ஆள் இரவில் கொஞ்சம் தூங்கியிருந்தால் அவர் ஓட்டலாம், இல்லையென்றால் கூடாரத்திலேயே இரண்டு மணி நேரம் எல்லோரும் படுத்து எழுந்துதான் கிளம்ப வேண்டும். கூடாரத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எது தீர்ந்துபோனது, எதைத் தேடினோம், எதைத் தொடவே இல்லை என்று எழுதி, டூல் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.